அத்தையின் செவ்வாய்க்கிழமைகள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு புடவைக் கடையில் அத்தை வேலை பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. கூட வேலை பார்த்த பெண்கள் விடுமுறையன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், மத்தியானம் தூங்குவார்கள், சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை காலையிலேயே குளித்து, அம்மா வாழையிலையில் கட்டிக் கொடுக்கும் பொதிச்சோற்றைப் பையில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு அரசாங்க ஆபீசுக்குப் போய்விடுவாள்.

வில்லேஜ் ஆபீஸ், தாலூக் ஆபீஸ், சர்வே ஆபீஸ், பிறப்பு இறப்புப் பதிவு, பத்திரப் பதிவு, எதுவானாலும் அவளுக்குச் சம்மதம். காரியம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அங்கே போய் உண்டாக்கிக்கொள்வாள். தெருவில் யாருக்கு என்ன சான்று வேண்டுமென்றாலும் அத்தையிடம்தான் வருவார்கள். கேட்டதை வாங்கி வந்து கொடுப்பாள். கேட்காததையும் சேர்த்துக் கொண்டு வருவாள். அதுதான் தொந்தரவு.

அப்பாவுக்கு மூத்தவள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பமென்றாலும் அக்கா, தம்பி இருவரும் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்தில். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அத்தைதான் வேலைக்குப் போய் அப்பாவைப் படிக்க வைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருந்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், கடையில் தமிழையும் மலையாளத்தையும் பிசைந்து பேசுவாள், ஆபீசில் மட்டும் செய்தி வாசிப்பவர்களைப் போலச் சுத்தமான மலையாளம்.

வாயால் சொன்ன எதையும் அவள் நம்பமாட்டாள். ஒரு மழைக்காலத்தில், நான் ஐந்தாம் வகுப்பு என்று நினைவு, "அத்தே, மழைக்கு லீவு விட்டாச்சு" என்று குதித்துக்கொண்டு சொன்னேன்.

"ஆரு சொன்னா?"

"அடுத்த வீட்டு அக்கா."

"அடுத்த வீட்டு அக்கா கலெக்டரா? உத்தரவு எங்க?"

குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, தொப்பலாக நனைந்து திரும்பி வந்தேன். தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, "இப்ப செரி. நேர்ல போய்ப் பாத்தாச்சுல்லா" என்றாள்.

என் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போன கதை இன்னும் மோசம். பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டிக் கொடுத்த குமாஸ்தாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள், அதே ஆஸ்பத்திரியில், அதே நாளில் பிறந்த வேறொரு பெண் குழந்தையின் விவரத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டாள். என் பத்தாவது பிறந்தநாளன்று கேக்கை வெட்டப் போகும் நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பச்சைப் பாவாடை போட்ட ஒரு பெண்ணும், மிரண்டுபோன அவள் அம்மாவும் இறங்கினார்கள்.

"உன்கூடப் பொறந்தவ" என்றாள் அத்தை.

அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தாள். அத்தை நிதானமாக, "பதிவுல இவளுக்கு அடுத்த வரி" என்று விளக்கிய பிறகுதான் வீட்டில் மூச்சு வந்தது. அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பெரிய துண்டாகக் கேக் கிடைத்தது. அந்தத் தீராத வருத்தம் எனக்கு உண்டு.

வாக்காளர் பட்டியலை அத்தை வாரப் பத்திரிகை மாதிரி வாசிப்பாள். எங்கள் தெருவிலேயே ஒரு மாமிக்கு, ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே ஐந்து வருடத்தில் இரண்டு வயதுதான் கூடியிருந்தது. இதை அத்தை ரகசியமாக வைத்திருக்கலாம். ஒரு கல்யாணப் பந்தியில், பருப்பு விளம்பும்போது, "உங்களுக்குக் காலம் ரொம்ப மெதுவாப் போறது போல, பாக்கியசாலி" என்று மனதாரச் சொன்னாள். மாமி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அத்தைக்குக் கடைசி வரை காரணம் புரியவில்லை. "நான் சொன்னதில என்ன தப்பு? அரசாங்கம் அச்சடிச்சதைத்தானே சொன்னேன்."

ஒருமுறை எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை ஏன் இல்லை என்று கேட்டு, தகவல் உரிமை மனு எழுதிப் போட்டாள். மனுவில் ஒட்டவேண்டிய கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் அவளுடைய ஒட்டுப் பொட்டும் பர்சில் ஒரே அறையில் கிடக்கும். பதில் வந்தது. அப்படியொரு நிறுத்தம் பதிவேட்டில் இல்லை என்று. அத்தை ஆடிப்போய்விட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் பஸ் ஏறும் இடம் அது. மறுநாள் காலை பஸ் வந்து நின்றதும் ஏறாமல், படியில் நின்ற கண்டக்டரிடம் அந்தக் கடிதத்தை நீட்டினாள்.

"மோனே, இங்க ஸ்டாப் இல்லையாம். நீங்க எதுக்கு நிறுத்துறீங்க?"

கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டே முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, "செரியாணு. ஸ்டாப் இல்ல" என்றார். "பட்சே சேச்சி, அப்போ சேச்சி இப்போ நிக்கிறது எவிடெ? எந்த இடத்தில?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அவளை ஒரு வாரம் வாட்டியது.

அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்பார் அப்பா. வந்த வரன்களையெல்லாம் அவளே விசாரித்தாளாம். ஒற்றைப் பிள்ளை என்று சொன்னவருக்கு ரேஷன் கார்டில் இரண்டு தம்பிகள் இருந்தார்கள். வாத்தியார் என்று சொன்னவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். மூன்றாவது ஆளிடம் எந்தக் குறையும் இல்லை. எல்லாம் சொன்னபடியே இருந்தது. "இவ்வளவு சுத்தமா இருந்தா எங்கயோ என்னமோ இருக்கு" என்று அவரையும் வேண்டாமென்றுவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை சொன்னாள்: "சர்வே ஆபீசில வித்துராவிலிருந்து ஒரு மனுஷன் வந்திருந்தார். பாவம். அவரோட கிணத்தைக் காணோமாம்."

அப்பா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "கிணறு எப்படிக்கா காணாமப் போகும்?"

"ஸ்கெட்சில இல்ல."

"நிலத்தில?"

"நிலத்தில இருக்கு. இன்னிக்குக் காலையில அதிலதான் வெள்ளம் கோரிக் குளிச்சிட்டு வந்தாராம்."

"பின்ன என்ன குறை?"

அத்தை அப்பாவை, ஒன்றாம் வகுப்பில் தோற்ற பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

புதிதாக நிலம் அளந்தபோது கோடு எங்கோ இழுபட்டு, அந்த மனிதரின் கிணறு காகிதத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்துக்குப் போயிருந்தது. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர், மனைவி இறந்துபோய் வருடங்களாகியிருந்தன. ஆபீஸ் வழக்கம் ஒன்றும் தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அத்தை அந்தக் கிணற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், உறவில் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல, கிணற்றைப் பற்றித்தான் பேச்சு. "கிணறு எப்படிக்கா இருக்கு?" என்று அப்பா கேட்பார். பழைய ஸ்கெட்சில் உண்டாம் என்பாள் ஒரு வாரம். அதில் இருப்பது கிணறா எருக்குழியா என்று சந்தேகமாம் என்பாள் அடுத்த வாரம். நெடுமங்காடு தாலூக் ஆபீசில் கேட்டால் சிட்டியில் கேள் என்கிறார்கள், சிட்டியில் கேட்டால் வித்துராவில் கேள் என்கிறார்கள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகத்தில் அலுப்பு இருக்கவேண்டும். இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவள் நல்ல புடவை கட்ட ஆரம்பித்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. புடவைக் கடையில் வேலை பார்ப்பவள் புடவை கட்டினால் யார் கவனிப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் அப்பா ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார். வாங்குவதற்கு முன் குடிக்கடம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று என்பார்களே, அது. அப்பா வழக்கம்போல அத்தையிடம் சொன்னார்.

"என்னால முடியாது" என்றாள் அத்தை. "நீயே ஒருக்கப் போயிட்டு வா."

வீடே அதிர்ந்தது. ஆபீசுக்குப் போகமாட்டேன் என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்பாவோ ஆபீஸ் வாசலைக் கண்டாலே வேறு வழியாகப் போகிறவர். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் நிற்பவர், குத்துவிளக்கை எவ்வளவு நேரமும் பேசி விற்பார், ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தார். "போனியாலே?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வீட்டை விற்பவர் அவசரப்படுத்தியதால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சப்ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போனார்.

அப்பா வரிசையில் நின்றார். நான் வராந்தாவில் நோட்டீஸ் போர்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தில் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர்களின் படமும் விவரமும் அங்கே ஒட்டியிருந்தன. இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், யாருக்காவது ஆட்சேபம் உண்டென்றால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று மலையாளத்தில் இருந்தது. எல்லாம் சின்ன வயதுக்காரர்கள். மூலையில் ஒட்டியிருந்த ஒரு ஜோடியைத் தவிர.

அங்கே அத்தை இருந்தாள். கடையில் புதுச் சரக்கு வந்தால் சிரிக்கிற சிரிப்போடு. பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒருவர், கேமராவைக் கண்டு பயந்தவர்போல. விலாசம் வித்துரா. கிணற்றுக்காரர்.

"அப்பா" என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா நெருங்கிப் பார்த்தார். "நம்ம அக்கா மாதிரி இருக்கே?"

"அத்தையேதான்பா."

"எதுக்குப் படம் போட்டு ஒட்டியிருக்காங்க? காணாமப் போயிட்டாளா? காலையில இட்லி தின்னாளே!"

நான் வாசித்துச் சொன்னேன். அப்பா கடைசி வரி வரை கேட்டார். தேதியைக் கணக்குப் பார்த்தோம். ஆட்சேபம் சொல்ல அன்றுதான் கடைசி நாள். குடிக்கட வரிசையை விட்டுவிட்டு நேராகக் கவுண்டருக்குப் போனார். அதுவரை கவுண்டர்களில் ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு அன்று அவிழ்ந்துகொண்டது.

"எனக்கு ஆட்சேபம் உண்டு!"

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "எழுதித் தரணும் சேட்டா. காரணம் எந்தா?"

"எனக்கு இஷ்டமில்ல."

"அது காரணமல்ல. சட்டத்தில உள்ள காரணம் வேணும். ரெண்டு பேரில ஆருக்கெங்கிலும் வேற பார்யையோ பர்த்தாவோ உயிரோட உண்டா?"

"அக்காவுக்குக் கல்யாணமே ஆகலை. அவருக்கு மனைவி இறந்துட்டாங்க."

"கல்யாண வயசு திகையலையா?"

"அம்பத்து நாலு."

"திகைஞ்சு. ரெண்டு பேரும் அடுத்த பந்துக்களா?"

"அவர் வித்துரா, நாங்க திருநெல்வேலி. அவர் சர்ச்சுக்குப் போறவர், நாங்க கோயிலுக்குப் போறவங்க. எப்படி சார் பந்துவாக முடியும்?"

"அப்போ பாக்கி ஒண்ணேயுள்ளு. புத்திக்கு சுகமில்லாம இருக்கணும்."

அப்பா பேனாவைத் திறந்தார். "அது உண்டு சார். அவளுக்குப் புத்தி சரியில்ல. நான் எழுதித் தாறேன்."

அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அறையிலிருந்த மற்ற மூன்று பேரும் தலையைத் தூக்கினார்கள். "ஆருக்கு, நம்ம செவ்வாய்க்கிழமைச் சேச்சிக்கா?" என்றார் அவர். "சேட்டா, இந்த ஆபீசில எங்க எல்லாருக்கும் சேத்து உள்ள புத்தி அவங்களுக்கு மட்டும் உண்டு. போன வருஷம் எங்க அலமாரி சாவி தொலைஞ்சப்போ அவங்கதான் கண்டுபிடிச்சுத் தந்தாங்க."

அப்போது எங்களுக்குப் பின்னால் சுத்தமான மலையாளத்தில் ஒரு குரல் கேட்டது: "சாரே, ஆட்சேபம் எந்தெங்கிலும் வந்திட்டுண்டோ?"

அத்தை. பின்னால் நரைத்த மீசைக்காரர், அவளுடைய பையைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்பா கையில் பேனாவோடு திரும்பினார். அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆபீஸ் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அக்கா?" என்றார் அப்பா. "இப்படியா ஒளிச்சு வைக்கிறது?"

"எங்கலே ஒளிச்சேன்? நாலு பேர் பாக்கிற எடத்தில படத்தோட ஒட்டியிருக்கு, ஒரு மாசமா."

"நான் இங்க எதுக்கு வரப்போறேன்?"

"அதுதான்" என்றாள் அத்தை. அவள் கண் நிறைந்துவிட்டது. "உனக்கு ஸ்கூல் சேர்க்கக் காகிதம், உன் கல்யாணத்துக்குக் காகிதம், உன் பிள்ளைக்குக் காகிதம், எல்லாத்துக்கும் நான் ஏறி எறங்கினேன். ஒரு நாளாவது கூட வந்தியா? வாயால சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. இந்த வயசில எப்படிச் சொல்லுவேன்? அதான் நீயே போ, நீயே போன்னு அத்தனை தடவை சொன்னேன். நீ மாசம் முழுக்க இழுத்தடிச்சே."

அப்பா, மீசைக்காரரைப் பார்க்காமலே, அவரைப் பற்றிக் கேட்டார்: "விசாரிச்சியா?"

"பின்னே? முதல் வாரமே விசாரிச்சேன். ஒண்ணும் சரியில்ல. பத்திரத்தில பேர் தப்பு. வீட்டு நம்பர் தப்பு. கிணறு அடுத்தவனுக்கு. வோட்டர் பட்டியல்ல ஆளே பொம்பளை."

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்வளவு தப்பு இருக்கா? பின்ன எப்படிச் சம்மதிச்சே?"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆளை நேர்ல பாத்தேன்லா" என்றாள்.

அப்பா பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்தார். வெள்ளைத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கவுண்டர்காரர், "அப்போ ஆட்சேபம் இல்ல?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். இல்லை என்று அப்பா தலையாட்டியதும் அறையில் யாரோ கைதட்டினார்கள். குடிக்கடம் வாங்காமலே வீட்டுக்கு வந்தோம். செய்தியைச் சொன்னால் அம்மா மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே, "ரொம்ப நாளா ரெண்டு பொதிச்சோறு கட்டிக் குடுத்தது ஆருன்னு நெனைச்சீங்க?" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கல்யாணம். மூன்று சாட்சி வேண்டும். அத்தையின் கடையிலிருந்து ஒருத்தி, வித்துராக்காரரின் மகள், மூன்றாவதாக அப்பா. அப்பா வேஷ்டி, மாலை, பழத்தட்டு எல்லாம் கொண்டு வந்தார், அடையாள அட்டையைத் தவிர. ஆட்டோவில் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வரும் வரை மாப்பிள்ளையும் பெண்ணும் சப்ரிஜிஸ்திரார் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு வாங்க வந்து சேர்ந்து, கையெழுத்துப் போட்டார். மாலையை உள்ளே மாற்றக்கூடாது என்றார்கள், வராந்தாவில் மாற்றிக்கொண்டார்கள். பத்திரம் எழுதுகிறவர்களும், சான்றுக்குக் காத்திருந்தவர்களும் சுற்றி நின்று சிரித்தார்கள். வித்துராக்காரர் முதன்முதலாகப் பல் தெரியச் சிரித்தார். கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் எல்லாருக்கும் சாப்பாடு சொல்லியிருந்தது. கிளம்பினோம்.

அப்போது ஒரு பியூன் வந்து, காலம் முடிந்த நோட்டீஸ்களைப் போர்டிலிருந்து ஒவ்வொன்றாக உரித்தார். அத்தையின் படம் இருந்ததும் அதில் ஒன்று.

"மோனே, அதை எனக்குத் தா" என்றாள் அத்தை, மாலையும் கழுத்துமாக.

"அய்யோ சேச்சி, இது ஆபீஸ் ரெக்கார்டாக்கும். தர முடியாது. வேணும்னா நகல் கேட்டு அப்ளிகேஷன் எழுதித் தாங்க."

நியாயமான பேச்சு என்பதுபோல அத்தை தலையாட்டினாள். பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மாலை கனத்து முன்னால் தொங்கியதால் அவளால் குனிய முடியவில்லை. வித்துராக்காரர் மாலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், அப்போது அவருடைய மாலை தாளை மறைத்தது. எங்களுக்கெல்லாம் பசி. ஓட்டலில் இலை போட்டிருப்பார்கள்.

அப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டு அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தாளை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"சொல்லுக்கா" என்றார். "மேல மொதல்ல என்ன எழுதணும்?"